தாதியத் தொழிலும் பாடத் தெரிவும்

க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்த மறுவாரம் எமது கல்லூரி அலுவலகத்தின் முன்னே ஒரு வரிசை நிற்பதை ஆண்டுதோறுங் காண்கின்றோம். தந்தையார் கையிற் பெறுபேற்றுத் தாள். தனயன் கையில் உயர்தர வகுப்புக்கான விண்ணப்பப் படிவம். அப்படிவத்திலே சிறு கட்டம் ஒன்றுண்டு. உயிரியல், கணிதம், வர்த்தகம், கலை, தொழினுட்பம் என்பவற்றுள் எத்துறையை மாணவன் பயில விரும்புகின்றான் என்பதை அதில் எழுதல் வேண்டும். எழுதுதற்கு அரை நிமிடம் போதும். எழுதியதை மாற்றுதற்கோ சில வேளைகளில் ஓராயுளும் போதாது.

தாதியத் தொழிலை விரும்பும் மாணவன் அக்கட்டத்தில் எதனை எழுதவேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். விஞ்ஞான ஆசிரியர் எழுதவேண்டியதைத் தமிழாசிரியர் எழுதுவதேன் என்று பழைய மாணவர் சிலர் புன்முறுவல் செய்தல் கூடும். அதற்குக் காரணம் உண்டு. அக்காரணம் எமக்குப் பெருமை தருவதன்று.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது பத்தாந்தர வகுப்பில் அதிகம் பேசாத மாணவன் ஒருவன் இருந்தான். ‘யான் செய்த ஓர் உதவி’ என்னுந் தலைப்பிற் கட்டுரை எழுதுமாறு ஒருநாட் பணித்தோம். ஏனையோர் வீதியைக் கடக்கும் முதியவருக்குக் கைகொடுத்ததையும், தவறவிட்ட பணப்பையை உரியவரிடம் ஒப்படைத்ததையும் எழுதினர். இவை ஆண்டாண்டு காலமாக எழுதப்பட்டு வருவன. இவனோ பாரிசவாதத்தாற் படுக்கையிற் கிடந்த தன் அம்மம்மாவை எழுதியிருந்தான். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிக் கிடத்துவது எவ்வாறு, முதுகிற் படுக்கைப்புண் வாராமற் காப்பது எவ்வாறு, வாய் கோணியவருக்குக் கஞ்சி பருக்கும்போது தலையை எவ்வளவு உயர்த்துவது என்றெல்லாம் வரிசையாக எழுதியிருந்தான். அவற்றை வைத்தியசாலைத் தாதி ஒருவரிடங் கேட்டுத் தெரிந்துகொண்டானாம். யாம் அக்கட்டுரையில் றகர ரகர மயக்கங்கள் ஐந்தையுஞ் சிவப்பு மையினால் வட்டமிட்டு, இருபதுக்குப் பதினேழு புள்ளி வழங்கி, ‘நன்று’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தோம்.

சாதாரண தரத்தில் விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் அவன் திறமைச் சித்தி பெற்றான். தந்தையார் சிறு கடை வைத்திருப்பவர். எம்மிடம் அபிப்பிராயங் கேட்டார். “பொடியன் கணக்கிற் கெட்டிக்காரன், வர்த்தகம் படிக்கட்டும், வங்கி உத்தியோகம் கிடைக்கும்” என்றோம். அவ்வாறே படித்தான், மூன்று பாடங்களிலுஞ் சித்தியும் எய்தினான். பின்னர் ஒருநாள் வர்த்தமானிப் பிரதி ஒன்றைக் கையிற் பிடித்தவாறு ஆசிரியர் அறைக்கு வந்தான். தாதிய மாணவரைச் சேர்த்துக்கொள்வதற்கான அறிவித்தல் அது. “சேர், இதுக்கு நான் போடலாமோ?” என்று கேட்டான். விஞ்ஞான அல்லது கணிதத் துறையில் உயர்தரஞ் சித்தியெய்தியோரே விண்ணப்பிக்கலாம் என்று அதிற் கண்டிருந்தது. யாம் அவ்வரியை இருமுறை வாசித்தோம். அவன் ஒன்றுங் கூறவில்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

இன்று அவன் ஒரு வைத்தியசாலையிற் சிற்றூழியனாகப் பணிபுரிகின்றான். கனத்த நோயாளியைப் புரட்டவேண்டிய போது தாதியர் அவனையே தேடி அழைப்பர் என்று கேள்விப்பட்டோம். சிற்றூழியம் இழிந்த தொழில் என்று கூறுவேம் அல்லேம். அவன் விரும்பிய தொழில் அதுவன்று, அவ்வளவே.

இனி அக்கட்டத்துக்கு வருவாம்.

இலங்கையிலே தாதிய உத்தியோகத்தராதற்குப் பெருவழிகள் இரண்டு. ஒன்று, சுகாதார அமைச்சின் கீழுள்ள தாதியர் பயிற்சிக் கல்லூரியொன்றிற் சேர்ந்து மூன்றாண்டு பயின்று தகைமைச் சான்றிதழ் பெறுதல். யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு உட்படப் பல நகரங்களில் இக்கல்லூரிகள் உள்ளன. பயிலுங் காலத்திற் படித்தொகையும் வழங்கப்படும். வறிய குடும்பத்து மாணவருக்கு இது சிறிய செய்தியன்று. மற்றையது, பல்கலைக்கழகத்தில் நான்காண்டு பயின்று தாதிய விஞ்ஞானமாணிப் பட்டம் பெறுதல். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், கிழக்குப் பல்கலைக்கழகத்திலும், பேராதனை, ஸ்ரீ ஜயவர்த்தனபுர, றுகுணை முதலிய பல்கலைக்கழகங்களிலும் இந்நெறி உண்டு. எவ்வழியாற் சென்றாலும், 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைந்த இலங்கைத் தாதியர் பேரவையிற் பெயரைப் பதிந்துகொண்டவரே பதிவு பெற்ற தாதியராவர்.

இவ்விரு வழிகளின் வாயில்களும் ஒன்றல்ல என்பதை மாணவர் உணர்தல் வேண்டும். பட்டநெறிக்குச் செல்வோர் உயிரியற்றுறை மாணவராய் இருத்தல் வேண்டும். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்றையும் எடுத்தவருக்குத் தடையொன்றுமில்லை. பௌதிகவியலை விடுத்து விவசாய விஞ்ஞானத்தை எடுக்க எண்ணுபவர், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடுங் கைந்நூலை முதலில் வாசித்து, அதன்பின்னர் படிவத்தை நிரப்புக. மூன்றாண்டுப் பயிற்சிக்கோ, அண்மைக் காலத்து வர்த்தமானி அறிவித்தல்கள் விஞ்ஞான மாணவரோடு கணித மாணவரையும் ஏற்றுவந்துள்ளன. ஆகவே கணிதத் துறையினனுக்கு ஒரு கதவு திறந்திருக்கும், மற்றையது அடைத்திருக்கும். கலை, வர்த்தகத் துறையினர் நிலையை மேலே கண்டோம். நிபந்தனைகள் முறைக்குமுறை மாறுவன, வயதெல்லையும் உண்டு. அயல்வீட்டார் வாய்மொழியையோ, தமையன்மார் காலத்து நிலையையோ நம்பாது, அவ்வவ்வாண்டு வர்த்தமானியை முழுமையாக வாசித்தலே தகும்.

ஆடவர் கல்லூரியாகிய எமக்கு இதில் இன்னுமொரு சிக்கல் உண்டு. அரசாங்கத்தின் மூன்றாண்டுப் பயிற்சியில் ஆண்களுக்கெனக் கிடைக்கும் இடங்கள் மிகச் சில. எனவே, எம் மாணவன் ஒருவன் தாதியத்தை உண்மையாகவே நாடுவானாயின் பட்டநெறி வாயிலே அவனுக்குப் பெரிதுந் துணையாகும். அதற்கு உயிரியற்றுறையே வழி. பெண்கள் கல்லூரி மாணவியொருத்தி கணிதத் துறையை எடுத்து, இடர் நேர்ந்தாற் பயிற்சிக் கல்லூரிக்குப் போகலாம் என்று எண்ணியிருக்கலாம். எம் மாணவன் அவ்வாறு எண்ணியிருத்தல் அறிவுடைமையன்று.

‘ஆண்பிள்ளை தாதியாவதா?’ என்ற வினா எழும் என்பதை அறிவோம். இவ்வினா பெரும்பாலுந் தாய்மாரிடமிருந்தே எழுகின்றது. தந்தையார் வினாவாமலே முகஞ் சுளிப்பர். சொல்லின் மேலும் ஒரு குற்றம் உண்டு. ‘தாதி’ என்பது வளர்ப்புத்தாயைக் குறிக்கும் ‘தாத்ரி’ என்ற வடசொல்வழி வந்தது. ஏவற்பெண்ணைக் குறிக்குந் ‘தாசி’ என்பதன் திரிபாகவும் அதே வடிவம் தமிழில் வழங்கியது. தமிழ்நாட்டார் ஆளுகின்ற ‘செவிலி’ என்னுஞ் சொல்லும் பழைய அகப்பாடல்களிலே தலைவியை வளர்த்த தாயையே குறித்தது. இவ்வாறு பெண்மையும் ஏவலும் ஏறிய சொற்களைச் சூட்டிவிட்டு, ஆடவரும் அறிவுடையோரும் இத்தொழிலுக்கு வருதல் அரிது என்று வருந்துகின்றோம். ‘தாதிய உத்தியோகத்தர்’ என இப்பொழுது அரச ஏடுகளில் வழங்குவது ஓரளவு நன்று. வாயில் நுழைவதுதான் கடினம்.

வள்ளுவர் மருந்ததிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்துக்கு உறுப்பு நான்கென வகுத்தார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து மருந்தூட்டித் துணைபுரிபவன் என்பன அவை. தாதியத்தை மருத்துவத்தின் நான்கிலொரு பாகமாக வைத்த அவர் அவ்வுறுப்பை ஆண்பாலாற் கூறினார். ஆண்பாற் சொல் இருபாலுக்கும் பொதுவாய் வருதல் வழக்காதலின், இதனை ஒரு சான்றாக நிறுத்த எமக்கு இலக்கணம் இடந்தராது. ஆயினும் பெண்பாலாற் கூறவில்லை என்பதையாவது தாய்மார் கவனிக்க.

மேல்நாட்டிலும் இத்தயக்கம் நெடுங்காலம் இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது கவிஞர் வோல்ட் விற்மன் உவொஷிங்ரன் இராணுவ வைத்தியசாலைகளிற் காயம்பட்ட போர்வீரரின் படுக்கையருகே அமர்ந்து, கடிதம் எழுதிக் கொடுத்தும் பழம் பகிர்ந்தும் புண்ணைக் கவனித்தும் தொண்டு புரிந்தார். அந்நாட்டு இராணுவத்தின் தாதியர் படையோ 1955ஆம் ஆண்டுவரை ஆண்களை ஏற்கவில்லை. பிரித்தானியாவின் அரச தாதியர் கல்லூரி ஆண்களுக்கு அங்கத்துவம் வழங்கியது 1960இலே தான். இன்று அந்நாடுகளில் ஆண் தாதியர் இல்லாத பெரிய வைத்தியசாலையைக் காண்டல் அரிது. எலும்பு முறிந்த ஆடவரும், மனநோயாற் கொந்தளிக்கும் ஆடவரும், சலக்குழாய் இடவேண்டிய முதியவரும் ஓர் ஆணின் கையை எத்துணை ஆறுதலோடு ஏற்பர் என்பதை வைத்தியசாலையில் ஒருநாட் கிடந்தவரும் அறிவர்.

இனி, உயிரியற்றுறைப் பாடங்கள் தாதியத்துக்கு வெறும் வாயிற்சீட்டு மாத்திரமா என்னும் வினாவை எடுத்துக்கொள்வாம். பல மாணவர் அவ்வாறே எண்ணுகின்றனர். ‘ஊசி போடுதற்குப் பௌதிகவியல் ஏன்?’ என்று எம்மிடமே ஒருவன் வினாவினான். எமக்கு விடை தெரியாமையால், பௌதிகவியல் ஆசிரியரையும் வைத்தியசாலையிற் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவரையும் அணுகி ஒரு மாலை முழுதும் பாடங் கேட்டோம். கேட்டவற்றுள் சிலவற்றை இங்கே தருகின்றோம்.

நோயாளியின் கட்டிலருகே தூக்கிய சேலைன் பை, கையிலுஞ் சற்று உயரத்தே தொங்குவதேன்? திரவ அமுக்கம் உயரத்தோடு கூடுகின்றது. நாளத்திலுள்ள குருதியின் அமுக்கத்தை வென்றாலன்றித் திரவம் உட்செல்லாது. பையைக் கட்டிலின் மட்டத்துக்குக் கீழே தாழ்த்தினாற் குருதி குழாய்வழியே திரும்பி ஏறும். குருதியமுக்கம் 120 என்றால் 120 மில்லிமீற்றர் உயரமான இரசத்தூணைத் தாங்கும் அமுக்கம் என்பது பொருள். இவை பௌதிகவியல்.

அப்பையினுள் இருப்பது வெறும் நீரன்று. இலீற்றருக்கு 9 கிராம் உப்புக் கரைந்த நீர். ஏன் ஒன்பது? தூய நீரைப் பெருமளவிற் குருதியோடு நேரே கலந்தாற் செங்குழியங்கள் நீரை உறிஞ்சிப் பருத்து வெடிக்கும். உப்பு மிகுந்தால் அவை நீரை இழந்து சுருங்கும். ஒன்பது கிராமில் இரண்டும் நேர்வதில்லை. இது பிரசாரணம் என்று உயிரியலிலும், கரைசற்செறிவு என்று இரசாயனவியலிலும் படிக்கப்படுகின்றது. பரீட்சைத் தாளில் இரண்டு புள்ளி. விடுதியில் ஓர் உயிர்.

கணக்கோ நாளொன்றுக்கு இருபது முறை வரும். 1000 மில்லிலீற்றர் சேலைனை 8 மணித்தியாலத்திற் செலுத்துக என்று வைத்தியர் எழுதுகின்றார். குழாயிலே மில்லிலீற்றருக்கு 20 துளி விழும் என்றால், மொத்தம் 20,000 துளி. 8 மணித்தியாலம் 480 நிமிடம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 துளி. தாதி கடிகாரத்தைப் பார்த்தவாறு துளிகளை எண்ணித் திருகியை ஒழுங்குசெய்தல் வேண்டும். இன்னொன்று: 15 கிலோகிராம் நிறையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். கிலோகிராமுக்கு 15 மில்லிகிராம் வீதம் பரசிற்றமோல் கொடுக்குமாறு வைத்தியர் குறித்தால் வேண்டியது 225 மில்லிகிராம். போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கும். கொடுக்கவேண்டியது 9.4 மில்லிலீற்றர் அளவாகும். தசமப்புள்ளி ஓரிடம் வலப்புறம் நகர்ந்தாற் பத்து மடங்கு. சாதாரணதரக் கணிதத்தில் அப்பிழைக்கு ஒரு புள்ளிதான் குறைப்போம்.

புள்ளிவிவரத்தை இகழ்வோருக்கு ஒரு செய்தி. நவீன தாதியத்தின் தாய் எனப் போற்றப்படும் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் 1854இல் 38 பெண்களோடு ஸ்குற்றாரி இராணுவ வைத்தியசாலைக்குச் சென்றார். கையில் விளக்கேந்திய அவருடைய படத்தையே நாம் அறிவோம். ஊர் திரும்பியபின் அவர் ஏந்தியது எண்ணட்டவணையை. கிறிமியப் போரில் எதிரியின் குண்டால் இறந்தவரிலும் அழுக்காலும் தொற்றாலும் இறந்தவரே மிகப்பலர் என்பதை வண்ண வரைபடங்களால் நிறுவி அரசாங்கத்தை அசைத்தார். 1858இல் இலண்டன் புள்ளிவிவரச் சங்கத்தின் முதற் பெண் அங்கத்தவரானார். இலண்டன் புனித தோமஸ் வைத்தியசாலையில் அவருடைய தாதியர் பயிற்சிப் பாடசாலை 1860இலே தொடங்கியது.

இவ்வளவுங் கூறியபின் தமிழையும் ஆங்கிலத்தையும் பற்றிக் கூறாது விடின் எம் பணி நிறைவுறாது. பட்டநெறியின் பாடநூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. மருந்துப் பெயர்களும் நோயாளர் பதிவேடும் அம்மொழியிலே. ஆதலின் உயர்தர வகுப்பில் இருக்கும்போதே நாளொன்றுக்கு ஒரு பக்கமேனும் ஆங்கிலத்தில் வாசித்துப் பழகுதல் வேண்டும். ஆங்கிலத்தின் பொருட்டு முதலாமாண்டிலே சோர்வுற்ற மாணவரைக் கண்டிருக்கின்றோம்.

நோயாளி பேசுவதோ தமிழ். அதுவும் பாடநூற் றமிழன்று. உளைவு, குத்து, கடுப்பு, எரிவு, விறைப்பு, இழுப்பு என்று நம்மூர்க் கிழவியர் நோவை ஆறு வகையாகப் பகுத்துரைப்பர். ‘நெஞ்சுக்குள்ளை அடைக்குது’ என்பதும் ‘நெஞ்சு எரியுது’ என்பதும் ஒன்றல்ல. முன்னையது மாரடைப்பின் முன்னறிவித்தலாதல் கூடும், பின்னையது பெரும்பாலும் இரைப்பையின் புளிப்பு. ‘முட்டு’ என்றால் மூச்சுமுட்டல். ‘சலக்கடுப்பு’ என்றாற் சிறுநீர் கழிக்கையில் எரிவு. ‘ஓங்காளம்’ என்றாற் சத்தி வரும்போலக் குமட்டல். இச்சொற்களைக் கேட்டவுடன் அவற்றுக்கு நேரான ஆங்கிலச் சொல்லைப் பதிவேட்டிற் பிழையின்றி எழுதுபவரே தாதி. நகரத்தில் வளர்ந்து, வீட்டில் ஆங்கிலங் கலந்து பேசிப் பழகிய பிள்ளைகள் இவ்விடத்தே தடுமாறுகின்றனர். அம்மம்மாவுடன் வளர்ந்த பிள்ளைக்கு இஃது எளிது.

இது புதிய கருத்துமன்று. 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியரைப் பயிற்றினார். ‘மனுஷ அங்காதிபாதம்’ முதலிய நூல்களைத் தமிழில் வெளிக்கொணர்ந்தார். நோயாளியின் மொழியறியாத வைத்தியம் அரை வைத்தியம் என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும். பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை 1898இல் எழுந்தபோது, நம்மூர்ப் பெண்கள் தாதியத்தைத் தொழிலாகக் கொள்ளும் வழியுந் திறந்தது. 1939இலே கொழும்பில் அரசாங்கத் தாதியர் பயிற்சிப் பாடசாலை அமைந்தது பின்னைய கதை.

எம்மை மிகவும் வருத்துவது ஒன்றுண்டு. உயிரியற்றுறையிற் சேரும் மாணவர் நூற்றுவராயின் நூற்றுவரும் வைத்தியராகவே விரும்புகின்றனர். விரும்புதல் பிழையன்று. முதன்முறை இடங் கிடையாதபோது இரண்டாம் முறை, பின்னர் மூன்றாம் முறை என அறையினுள் அடைபடுகின்றனர். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று முறையே எல்லை. இதற்கிடையே தாதியப் பட்டநெறிக்குப் போதிய புள்ளியைப் பெற்றிருந்தும் அதனை ஒரு பொருட்டாக எண்ணாது, தெரிவுப் பட்டியலில் எங்கோ அடியில் எழுதி வைக்கின்றனர், சிலர் எழுதுவதுமில்லை. மூன்றாண்டு கழிந்தபின் அவ்விடத்துக்கு வந்து சேர்பவர் தோல்வியுற்ற வைத்தியராக வருகின்றாரேயன்றித் தாதியராக வருவதில்லை. அத்தகையவரிடம் ஊசி ஏற்றிக்கொள்ள யாம் விரும்போம். வைத்தியர் நாளொன்றுக்கு இருமுறை நோயாளியைப் பார்த்துச் செல்வார். இரவு இரண்டு மணிக்கு மூச்சின் ஒலி மாறுவதைக் கேட்பவர் தாதி. இவை இருவேறு தொழில்கள். ஒன்றுக்குக் குறைந்தது மற்றையது என்று கருதும் பெற்றோர், 1987 ஒக்டோபர் 21ஆம், 22ஆந் திகதிகளில் யாழ்ப்பாண வைத்தியசாலையிற் கடமையிலே உயிர்நீத்தோருள் வைத்தியரோடு தாதியரும் இருந்தனர் என்பதை நினைந்து பார்ப்பாராக.

மூன்றாண்டுச் சான்றிதழ் சிறந்ததா, நான்காண்டுப் பட்டஞ் சிறந்ததா என்று கேட்போருக்கு எம் அனுபவத்தைக் கொண்டு விடை கூறலாம். யாம் பட்டதாரி அல்லேம். ஆசிரிய கலாசாலையிற் பயிற்றப்பட்டோம். கரும்பலகையின் முன் நிற்கையில் அவ்வேற்றுமையை எந்த மாணவனுங் கேட்டதில்லை. பதவியுயர்வுப் பட்டியல் வெளிவரும்போது மாத்திரம் அது நினைவுக்கு வரும். தாதியத்திலும் ஏறத்தாழ இதுவே நிலை. கட்டிலருகே இருவரும் ஒருவரே. விரிவுரையாளராதற்கும் ஆராய்ச்சிக்கும் பட்டம் வேண்டும். சான்றிதழ் பெற்றுப் பணிபுரிவோர் பட்டம் பெறுதற்கென இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1994இல் ஒரு நெறியைத் தொடங்கியது. ஆகவே குடும்ப நிலையின் பொருட்டு முதலிற் சான்றிதழ் வழியே செல்பவர் மேற்படிப்பை இழந்தவராகார்.

தனியார் நிறுவனங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தாதியம் என்ற பெயரால் ஆறு மாதத்து வகுப்பும் உண்டு. மூன்றாண்டு நெறியும் உண்டு. பராமரிப்பு உதவியாளர் பயிற்சி பயனுடையதே. அதனாற் பிழைப்போரும் பலர். ஆயின் அதனைப் பெற்றவர் பதிவு பெற்ற தாதியராகார். பணங் கட்டுமுன் ‘இந்நெறியை முடித்தவரைத் தாதியர் பேரவை பதிவுசெய்யுமா?’ என்னும் ஒரே வினாவை எழுத்திற் கேட்டு, விடையையும் எழுத்திற் பெறுக. விடை தரத் தயங்கும் நிறுவனத்தின் படியை மறுமுறை மிதியாதீர்.

கடல்கடந்து வாழும் பழைய மாணவர் தம் பிள்ளைகளின் பொருட்டு எமக்கு எழுதும் கடிதங்களிலும் இவ்வினா வருகின்றது. அமெரிக்காவில் வாழும் ஒருவர், தம் மகள் தாதியாக விரும்புகின்றாள், கல்லூரியில் எதனைப் பிரதான பாடமாக எடுக்கவேண்டும் என்று கேட்டார். அந்நாட்டு நிலையைத் தேடி அறிந்த அளவிற் கூறுகின்றோம். அங்கே உயிரியலிற் பட்டம் பெறுதல் ஒருவரைத் தாதியாக்காது, உளவியலும் ஆக்காது. அங்கீகாரம் பெற்ற தாதிய நெறியை முடித்து, ‘என்கிளெக்ஸ்’ என்னும் உரிமப் பரீட்சையிற் சித்தியெய்துதல் வேண்டும். சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு நெறியும், பல்கலைக்கழகத்தில் நான்காண்டு நெறியும் அப்பரீட்சைக்கு வழியாவன. ஆகவே உறுதிகொண்ட பிள்ளை தாதியத்தையே பிரதான பாடமாக எடுக்கட்டும். உறுதிகொள்ளாத பிள்ளை உயிரியலையோ உளவியலையோ பொதுச் சுகாதாரத்தையோ எடுக்கலாம். ஆனால் உடலமைப்பியல், உடற்றொழிலியல், நுண்ணுயிரியல், இரசாயனவியல், புள்ளிவிவரவியல் ஆகியவற்றை உடன் படித்து வைத்தல் வேண்டும். அவ்வாறு செய்தவர், பட்டம் பெற்றபின்னர் மனம் மாறினாலும், ஏனைய பட்டதாரிகளுக்கென ஏற்பட்ட விரைவுநெறியில் ஒன்று ஒன்றரை ஆண்டிலே தாதியப் பட்டம் பெறலாம். இப்பாடங்களைப் படித்து நெடுங்காலம் சென்றுவிட்டால் மீளப் படிக்குமாறு கேட்குங் கல்லூரிகளும் உள்ளன என்பதை மறவற்க.

பிரித்தானியாவில் 2013 முதலாகத் தாதியராகப் பயிலத் தொடங்குவோர் யாவரும் பட்டநெறியிலேயே பயில்கின்றனர். அங்கே வளர்ந்தோர், குழந்தைகள், மனநலம், கற்றல் இடர்ப்பாடு என்னும் நான்கு பிரிவுகளுள் ஒன்றைத் தெரிதல் வேண்டும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் பதிவுத் தாதியருக்கு 2005 முதலே பட்டத்தைக் கோருகின்றது. இங்கிருந்து புறப்பட எண்ணுவோர் நமது மூவாண்டுச் சான்றிதழ் எந்நாட்டிலும் அப்படியே செல்லும் என்று எண்ணிவிடலாகாது. எனினும் புறப்படுவதற்காகவே தாதியத்தைத் தெரிவுசெய்வாரை யாம் ஊக்குவிப்பதற்கில்லை. விமானச்சீட்டுக் கிடைக்குமட்டும் நோயாளி காத்திருக்க மாட்டார்.

எமது கல்லூரியில் இவ்வாண்டு தொடக்கம் ஒரு சிறு ஒழுங்கு செய்துள்ளோம். வர்த்தமானியிற் பயிற்சி அறிவித்தல் வெளிவரும்போதெல்லாம் அதன் பிரதி நூலகத்துக்கு எதிரேயுள்ள பலகையில் ஒட்டப்படும். ஆணைக்குழுவின் கைந்நூல் நூலகரின் மேசையிலேயே இருக்கும், இரவல் தரப்படமாட்டாது. சாதாரணதரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரையுள்ள மாதங்களிலே சனிக்கிழமை காலை ஒன்பது மணிமுதல் தமிழ்ப் பகுதி அறையில் யாமும், விஞ்ஞானப் பகுதி ஆசிரியர் ஒருவரும், வைத்தியசாலையிற் பணிபுரியும் பழைய மாணவர் இருவரும் இருப்போம். பெற்றோர் பிள்ளையையும் உடனழைத்து வருக. பத்தாந்தரத்துக் கட்டுரைக் கொப்பி வீட்டிலிருந்தால் அதனையுங் கொண்டுவருக.